பழைய கிரேக்க உடைப் படங்கள்: சுவரிலா, பெட்டியிலா?

கேள்வி, ஜனவரி 9

பாரிஸ் போயிருந்தபோது ஆற்றங்கரைப் பழைய புத்தகக் கடை ஒன்றில் ஒரு வண்ணப்படம் வாங்கினேன். 40 யூரோ. பண்டைய கிரேக்கப் பெண்கள் ஏழெட்டுப் பேர், விசிறி, ஜாடி, நாற்காலி எல்லாம் ஒரே தாளில். கீழே பொடி எழுத்தில் ஃபிர்மான் திதோ, பாரிஸ் என்று இருக்கிறது. இது உண்மையிலேயே பழையதா? கிரேக்கர்கள் இப்படித்தான் உடுத்தினார்களா? ஹாலில் சோபாவுக்கு மேலே மாட்ட நினைக்கிறேன், நல்ல வெளிச்சம் வரும் இடம்.

ஜனவரி 9, இரவு

கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: மாட்டாதீர்கள். வெளிச்சம் வரும் இடம் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அதுதான் சிக்கல். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஃபிர்மான் திதோ என்ற பதிப்பகப் பெயரை வைத்துப் பார்த்தால் அது ஓகுஸ்த் ரசினே என்ற பிரெஞ்சுக்காரர் தொகுத்த உடை வரலாற்றின் தாளாக இருக்கலாம். 1876 முதல் 1888 வரை பகுதி பகுதியாக வந்தது. மொத்தம் 500 படத்தாள்கள், அதில் 300 வண்ணம். எகிப்தியர், கிரேக்கர், ரோமர் என்று தொடங்கி உலகத்தையே அடக்கப் பார்த்த தொகுப்பு. ஆனால் இன்றுவரை அதை மறுபதிப்பு செய்துகொண்டே இருக்கிறார்கள். மறுபதிப்பில் ஒரு பக்கத்தை வெட்டி, தேயிலைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்தால் 140 வயது கூடிவிடும். 40 யூரோ என்றதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, மன்னிக்கவும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று வாங்குங்கள், நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்வார்களே, அது. வண்ணத்தின் மேல் வைத்துப் பாருங்கள். புள்ளிகள் வரிசை பிசகாமல் குட்டிக் குட்டி வட்டப் பூவாகத் தெரிந்தால் ஆஃப்செட், நம் காலத்துச் சரக்கு. மணல் தூவியதுபோல ஒழுங்கில்லாமல் சிதறி, ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் ஏறியிருந்தால் கல்லச்சு.

ஜனவரி 11

கல்லச்சு என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார் இன்னொருவர். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது, அவ்வளவுதான் சூட்சுமம். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து, கல்லை ஈரமாக்கி, அச்சு மையை உருட்டினால் வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும். ஜெர்மனியில் செனஃபெல்டர் 1790களின் இறுதியில் கண்டுபிடித்தது. வண்ணத்துக்கு நிறத்துக்கு ஒரு கல். பத்து நிறம் என்றால் பத்துக் கல், ஒரே தாள் பத்து முறை அச்சு ஏற வேண்டும், ஒவ்வொரு முறையும் முடியளவு பிசகாமல். எங்கல்மன் 1837இல் இதற்கு பிரான்சில் காப்புரிமை வாங்கினார். உங்கள் தாளில் உதட்டுச் சிவப்பு உதட்டைவிட்டுக் கொஞ்சம் வெளியே வழிந்திருந்தால் கோபப்படாதீர்கள், சந்தோஷப்படுங்கள்.

ஜனவரி 14

இப்படித்தான் உடுத்தினார்களா?

உடை விவரம் ஓரளவு சரி, நிறம் பெரும்பாலும் கற்பனை, முகம் முழுக்கப் பாரிஸ்.

அந்தக் கால ஓவியர்களுக்குக் கிடைத்தவை பளிங்குச் சிலைகளும் பானைகளும். சிலைகளின் சாயம் போய் வெள்ளையாகிவிட்டது. பானைகளில் பெரும்பாலும் கறுப்பும் செம்மண் நிறமும்தான். ஆகவே 1800ஐ ஒட்டி வந்த படங்களில் கிரேக்கப் பெண் என்றால் வெள்ளைச் சேலை கட்டிய ஆவி மாதிரி இருப்பாள். உண்மையில் அவர்கள் நிறத்துக்கு அஞ்சியவர்களே இல்லை. குங்குமப்பூச் சாயமேற்றிய பெண்கள் உடைக்கு குரோகோதோஸ் என்று தனிப் பெயரே உண்டு. ஏதென்ஸ் அக்ரோபொலிஸில் 1886இல் தோண்டியெடுத்த, பொ.மு. 530ஐ ஒட்டிய ஒரு பெண் சிலையின் ஆடையில் சாயத் தடம் இன்னும் தெரிகிறது. ரசினே தன் தாள்களை வெளியிட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகள்.

உடை வகை இரண்டைத் தெரிந்துகொண்டால் பாதிப் படங்களைப் படித்துவிடலாம். பெப்லோஸ்: ஒரே லினன் துணியை உடம்பைச் சுற்றி, இரு தோளிலும் பெரிய ஊசி குத்தி, மேல் ஓரத்தை வெளியே மடித்து இடுப்புவரை தொங்கவிடுவது. கித்தோன்: அதைவிட அகலம், தோளிலிருந்து கை நெடுக வரிசையாகச் சின்னச் சின்னப் பிடிப்பு, சன்னமான மடிப்பு ஏராளம். மேலே போர்த்துவது ஹிமாத்தியோன். இளைஞர்களும் குதிரைக்காரர்களும் ஒரு தோளில் மாட்டிக்கொள்ளும் குட்டைப் போர்வை கிளாமிஸ்.

ஜனவரி 15

நேற்றுத் தூக்கக் கலக்கத்தில் பெப்லோஸை லினன் என்று எழுதியிருக்கிறேன். கம்பளி. லினன் கித்தோனுக்கு. இந்த வித்தியாசம்தான் படத்தில் கண்ணுக்குத் தெரிவது: கம்பளி மடிப்பு தூண் மாதிரி கனமாக விழும், லினன் தண்ணீர் மாதிரி நெளியும். ஏதென்ஸின் எரெக்தியோன் கோயிலில் கூரையைத் தலையில் தாங்கி நிற்கிற ஆறு பெண்களின் உடையைப் பாருங்கள், கம்பளி.

அந்தப் பெரிய ஊசியைப் பற்றிக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஒரு பயங்கரக் கதை சொல்கிறார். ஏஜினா தீவின் மேல் படையெடுத்துப் போன ஏதென்ஸ்காரர்களில் ஒரே ஒருவன் உயிரோடு திரும்பினான். செத்தவர்களின் மனைவிமார் அவனைச் சூழ்ந்துகொண்டு, என் புருஷன் எங்கே, என் புருஷன் எங்கே என்று கேட்டுக் கேட்டு ஆடை ஊசியாலேயே குத்திக் கொன்றார்களாம். பெண்களைத் தண்டிக்க வேறு வழி தெரியாமல், ஊசி தேவைப்படாத லினன் உடைக்கு அவர்களை மாற்றினார்களாம். நடந்ததா இல்லையா, அது வேறு. நான் பார்த்த எந்த உடைப் படத்திலும் அந்த ஊசி ஆயுதம் மாதிரி இல்லை. சின்னப் பொத்தான் மாதிரி வரைந்து அழகாக்கிவிடுகிறார்கள்.

ஜனவரி 19

மாட்டுவதைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. என் முட்டாள்தனத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

லண்டனில் குடியேறிய புதிதில் வாங்கிய முதல் கல்லச்சு: கிரேக்க வீட்டுக்குள் பெண்கள் நூல் நூற்கும் காட்சி. பிரேம் போடும் கடை ஒன்றில் கொடுத்தேன், பெயர் வேண்டாம். நேர்த்தியாக, தட்டையாக, கண்ணாடிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். தெற்கு ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினேன். இரண்டு கோடை. ரோஜா நிற மேலாடை போட்டிருந்தவள் சாம்பல் உடுத்திய கைம்பெண் ஆகிவிட்டாள். நீலமும் பழுப்பும் அப்படியே இருக்கின்றன, சிவப்பும் ரோஜாவும்தான் முதலில் ஓடிப்போகின்றன. படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டைக்கு அடியில் வெளிச்சம் படாத ஓரத்தில் மட்டும் இன்னும் அரை விரல் அகலத்துக்கு ரோஜா இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

சரி, எடுத்துப் பெட்டியில் வைக்கலாம் என்று பிரேமைப் பிரித்தால் இன்னொரு அதிர்ச்சி. தாளை அட்டையோடு சூடேற்றி முழுசாக ஒட்டியிருக்கிறார்கள். அதனால்தான் அவ்வளவு தட்டை. பிரிக்க முடியாது. மவுண்ட் அட்டையின் உள்வெட்டு ஓரம் பட்ட இடத்தில் படத்தைச் சுற்றிப் பழுப்பாக ஒரு கோடு: மட்டமான மரக்கூழ் அட்டையின் அமிலம் தாளைச் சுட்டது.

அதிலிருந்து நான் வைத்திருக்கும் விதி கொஞ்சம்தான். பருத்தியில் செய்த, அமிலம் இல்லாத மவுண்ட். தாளை மேல் விளிம்பில் இரண்டு இடத்தில் மட்டும் ஜப்பானியத் தாள் கீற்றால் தொங்கவிட வேண்டும், கோதுமை மாவுப் பசையால்; அது தண்ணீர் பட்டால் விட்டுவிடும். செல்லோடேப்பை அந்த அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். கண்ணாடி தாளில் படக் கூடாது, இடையில் மவுண்ட் கனம் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஈரம் கோத்துக்கொள்ளும். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி நல்லது, ஆனால் அது இருக்கிறது என்று வெயிலில் மாட்டினால் மெதுவாக வெளுக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அருங்காட்சியகங்களில் தாள்களுக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் கொடுக்கிறார்கள், அதையும் சில மாதங்களுக்குத்தான். பாதி இருட்டில் குனிந்து பார்க்க வைக்கிறார்களே என்று நாம் சலித்துக்கொள்வோமே, அந்த இருட்டு.

ஜனவரி 27

என் பொக்கிஷத்தைப் பற்றிக் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்ள விடுங்கள். தாமஸ் ஹோப் 1809இல் வெளியிட்ட பண்டையோர் உடைத் தொகுப்பின் தாள் ஒன்று என்னிடம் இருக்கிறது. யாழ் வைத்திருக்கும் பெண், வெறும் கோட்டோவியச் செதுக்கு அச்சு (உலோகத் தகட்டில் கோடு செதுக்கி எடுத்தது), மேலே இளநீலமும் மஞ்சளும் கையால் தீட்டியது.

ஹோப் ஆம்ஸ்டர்டாமில் பிறந்த வங்கிக் குடும்பத்துப் பணக்காரர். லண்டன் டச்சஸ் தெருவில் ஒரு வீடு வாங்கி, பானைகளுக்கு என்றே அறைகள், சிலைகளுக்குத் தனிக் கூடம் என்று வைத்துக்கொண்டு, 1804இல் ராயல் அகாடமி ஓவியர்களுக்கு நுழைவுச் சீட்டு அனுப்பினார். எங்களுக்கே டிக்கெட்டா என்று அவர்கள் கொதித்துப்போனார்கள். உடைத் தொகுப்பை அவர் போட்டது ஓவியர்களும் நாடகக்காரர்களும் பார்த்து வரையட்டும், உடுத்தட்டும் என்றுதான். ஊருக்கெல்லாம் கிரேக்க உடை சொல்லிக்கொடுத்த மனிதர் தனக்கென்று முழு உருவப்படம் வரையச் சொன்னபோது என்ன உடுத்தினார் தெரியுமா? துருக்கி உடை, தலைப்பாகையோடு. லண்டன் தேசிய உருவப்படக் கூடத்தில் இருக்கிறது.

ஜனவரி 28

அந்தத் தாளை விற்பேனா என்று கேட்டவருக்கு: மாட்டேன்.

பிப்ரவரி 2

"நம் சேலை மாதிரிதானே?" என்று ஒரு கேள்வி. தையல் இல்லாத துணி, சுற்றி உடுத்துவது, மடிப்புதான் அழகு என்ற அளவில் ஆமாம். ஆனால் உடுத்திப் பார்த்தால் ஆமாம் இல்லை. போன வருஷம் பெப்லோஸ் கட்டிப் பார்க்க மனைவியின் பழைய பருத்திச் சேலையை எடுத்தேன். நீளம் தாராளம், ஆனால் அகலம் 45 அங்குலம், தோளில் தொடங்கினால் கணுக்காலுக்கு வரவில்லை, மேலே மடித்துத் தொங்கவிட வழியே இல்லை. சேலை நீளத்தில் வாழ்கிறது, பெப்லோஸ் உயரத்தில். அப்புறம் இரட்டைக் கட்டில் படுக்கை விரிப்பு ஒன்று, இரண்டு ஊக்கு. சரியாக வந்தது! கிரேக்கப் பெண்கள் துணியைத் தறியிலேயே ஆள் அளவுக்கு நெய்தார்கள். நிமிர்ந்து நிற்கும் தறி, பாவு நூல்களின் அடியில் களிமண் குண்டு கட்டியிருக்கும். அந்தக் குண்டுகள் கிரேக்கப் பிரிவு வைத்திருக்கும் எந்த அருங்காட்சியகத்திலும் கிடக்கும், யாரும் நின்று பார்ப்பதில்லை.

விரிப்போடு கண்ணாடி முன்னால் நின்றபோது தெரிந்தது, பக்கவாட்டில் ஒரு பக்கம் முழுக்கத் திறந்திருக்கிறது. படங்களில் அந்தப் பக்கத்தை நாசூக்காக மறைத்துவிடுகிறார்கள். மனைவி அன்று எடுத்த போட்டோவை இங்கே போட மாட்டேன்.

பிப்ரவரி 3

சேலைப் பேச்சு வந்ததால் ஒரு கிளைக்கதை. நம்மவர்கள் யவனர் உடையைக் கண்ணால் பார்த்து எழுதிய வரி முல்லைப்பாட்டில் இருக்கிறது: "மெய்ப்பை புக்க வெருவரும் தோற்றத்து வலிபுணர் யாக்கை வன்கண் யவனர்." பாசறையில் அரசனுக்குக் காவல் இருப்பவர்கள். உடம்பைப் பைக்குள் போட்டுக்கொண்ட ஆட்கள்! தைத்த சட்டைக்கு இதைவிட நல்ல பெயர் கிடையாது. போர்த்தும் துணியைப் பை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், எனவே அவர் பார்த்தது ஹிமாத்தியோனாக இருக்க முடியாது. ரோமப் பேரரசுப் பக்கத்து ஆட்கள் போட்ட தைத்த அங்கி என்பது என் ஊகம். அந்தக் காலத்து யவனரில் கிரேக்கர் யார், ரோமர் யார் என்று இந்தச் சொல்லை வைத்துப் பிரிக்க முடியாது. ரசினே தாள்களில் மெய்ப்பை போட்டவன் யாராவது இருக்கிறானா என்று தேடிப் பார்க்க ஆசை.

பிப்ரவரி 16

சனிக்கிழமை பிரிட்டிஷ் மியூசியம் போனேன். மெய்டியாஸ் ஜாடி. மூன்று கைப்பிடியுள்ள தண்ணீர் ஜாடி, அரை மீட்டர் உயரம், பொ.மு. 5ஆம் நூற்றாண்டின் கடைசி. மேல் வரிசையில் கிரேக்கப் புராணத்தில் வரும் லெவ்கிப்போஸின் மகள்களைத் தேரில் தூக்கிக்கொண்டு போகிறார்கள், கீழ் வரிசையில் புராண வீரன் ஹெராக்ளீஸ் தங்க ஆப்பிள் தோட்டத்தில் உட்கார்ந்திருக்கிறான். துணி என்றால் இதுதான் துணி: உடம்பு தெரியும் அளவுக்குச் சன்னம், மேலெல்லாம் நட்சத்திரமும் கரையும்.

செதுக்கு அச்சுகளின் மூலக்கதையே இந்த ஜாடியில் இருப்பதால் கொஞ்சம் விரிவாக.

நேப்பிள்ஸில் பிரிட்டிஷ் தூதராக 1764இல் போனவர் வில்லியம் ஹாமில்டன். எரிமலைப் பித்து, பானைப் பித்து. தென்னித்தாலியக் கல்லறைகளிலிருந்து வந்த பானைகளை வாங்கிக் குவித்தார். அவற்றைப் பெரிய அளவில், வண்ணத்தில் அச்சிட தான்கார்வில் என்று சொல்லிக்கொண்ட ஒருவரை அமர்த்தினார். உண்மைப் பெயர் வேறு, பட்டமும் சொந்தமில்லை, கடனோ ஏராளம். நான்கு தொகுதிகள் வெளிவர 1776 வரை இழுத்தது. நடுவில் கடனுக்குப் பயந்து ஆள் ஊரைவிட்டே ஓடிப்போனார், செப்புத் தகடுகள் அடமானத்தில். ஆனால் தாள்கள்! கறுப்பு, செம்மண், வெள்ளை, சுற்றிலும் கோலம் மாதிரிக் கரை. ஒரே ஒரு தாள் ஏலத்தில் பார்த்தேன், விலை ஏறிய வேகத்தில் கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பானைகளை 1772இல் மியூசியத்துக்கு 8,400 பவுண்டுக்கு விற்றார். அதற்கு முன்பே அச்சுப் படங்கள் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் வரை போய்விட்டன. ஜோசையா வெட்ஜ்வுட் 1769 ஜூனில் புதுப் பானைத் தொழிற்சாலை திறந்தபோது முதல் நாள் தானே சக்கரத்தில் உட்கார்ந்து ஜாடிகள் செய்தார். அவற்றின் மேல் தீட்டியது மெய்டியாஸ் ஜாடியின் கீழ் வரிசை, ஹெராக்ளீஸ் தோட்டம். அதில் லத்தீனில் எழுதியது: எத்ரூரியக் கலைகள் மறுபிறவி எடுக்கின்றன. தொழிற்சாலைக்கும் பெயர் எத்ரூரியா. இத்தாலிய மண்ணில் கிடைத்ததால் எல்லாவற்றையும் எத்ருஸ்கன், அதாவது எத்ரூரியாவில் வாழ்ந்த பண்டைய இத்தாலிய மக்களுடையது என்றே நினைத்தார்கள். ஜாடி ஏதென்ஸில் செய்தது. மெய்டியாஸ் என்ற குயவன் பெயர் அதிலேயே கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது, பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. நானும் அன்று கண்ணாடியில் மூக்கை வைத்துத் தேடினேன், காவலர் இருமினார்.

விற்றும் பித்து தீரவில்லை. ஹாமில்டன் இரண்டாவது தொகுப்பு சேர்த்தார். இந்த முறை வண்ணம் இல்லை, ஆடம்பரம் இல்லை, இளம் ஓவியர்கள் வாங்கும் விலையில் வெறும் கோடு போதும் என்றார். வரைந்து வெளியிட்டவர் டிஷ்பைன், இத்தாலியச் சமவெளியில் ஜெர்மன் கவிஞர் கதே சாய்ந்து உட்கார்ந்திருக்கும் அந்தப் பிரபல ஓவியத்தை வரைந்தவர். 1791 முதல் வந்தன. ஹோப்பின் கோட்டோவியங்களுக்கு முன்னோடி இவை. கோடு என்பதால் உண்மை என்று நம்பிவிடாதீர்கள். வளைந்த ஜாடியில் இருப்பதைத் தட்டைத் தாளில் விரிக்கும்போதே உருவம் மாறும். அதற்கு மேல் மூக்கை நிமிர்த்தி, முகத்தைச் சாந்தமாக்கி, துணியைச் சீவி விடுகிறார்கள்.

1798இல் நெப்போலியன் படை வரும் பயத்தில் இரண்டாவது தொகுப்பைக் கப்பலேற்றினார். கலோசஸ் என்ற போர்க்கப்பல் டிசம்பரில் இங்கிலாந்தின் தென்மேற்கே சில்லித் தீவுகள் அருகே மூழ்கியது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பானைகள் போயின. மாலுமிகள் ஒரு பெட்டியைப் பத்திரமாகக் கரை சேர்த்தார்கள். திறந்தால் சாராயத்தில் ஊறிய ஒரு அட்மிரலின் சடலம். பிணத்தைக் காப்பாற்றி என் பானைகளை விட்டுவிட்டார்களே என்று ஹாமில்டன் புலம்பியிருக்கிறார். தப்பித்த மிச்சத்தை 1801இல் வாங்கியவர், வேறு யார், தாமஸ் ஹோப். 1970களில் கடலடியிலிருந்து பல்லாயிரம் துண்டுகள் எடுத்தார்கள், அவை இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில். எந்தத் துண்டு எந்தப் பானை என்று அடையாளம் காண உதவியவை டிஷ்பைனின் அந்த மலிவுக் கோட்டுப் படங்கள்தான்.

பிப்ரவரி 17

நேற்றையதில் ஹாமில்டனின் மனைவி எம்மாவை விட்டுவிட்டேன், மூன்று பேர் ஞாபகப்படுத்திவிட்டீர்கள். சால்வைகளை வைத்துக்கொண்டு விருந்தினர் முன்னால் பானை உருவங்கள் மாதிரி அசையாமல் நின்று காட்டுவாள். ரெபெர்க் என்ற ஓவியர் வரைந்து 1794இல் கோட்டுப் படங்களாக வந்தன. அவள் பிற்காலத்தில் பருத்துவிட்டாள், கில்ரே என்ற கேலிச்சித்திரக்காரர் 1807இல் அதே படங்களை "கணிசமாகப் பெரிதாக்கிய புதுப் பதிப்பு" என்று போட்டார். அசலையும் கேலியையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்த ஒரு வீட்டைப் பார்த்திருக்கிறேன். எம்மா பாவம் என்றுதான் தோன்றியது.

கிரேக்கப் பித்துக்கு இன்னொரு உதாரணம்: 1788இல் பாரிஸ் ஓவியர் விஜே லெப்ரன் திடீரென்று கிரேக்க விருந்து வைத்தார். அதே வீட்டில் குடியிருந்த சேகரிப்பாளரிடம் பானைகள் இரவல், தோழிகளுக்கு ஸ்டுடியோவில் இருந்த வெள்ளைத் துணி, தேன் கேக், சைப்ரஸ் ஒயின். செலவு 15 பிராங்க் என்கிறார் அவர். வதந்தி ஊர் ஊராக ஏறி, பீட்டர்ஸ்பர்க் சேர்ந்தபோது 80,000 ஆகியிருந்ததாம்.

மார்ச் 1

தனித்தாள் வாங்குவது பாவம் இல்லையா என்று ஒருவர் காட்டமாகக் கேட்டிருக்கிறார். முழுப் புத்தகத்தை உடைத்துத்தான் தாள் தாளாக விற்கிறார்கள் என்பது உண்மை. உங்கள் தாளின் இடது ஓரத்தில் தையல் ஓட்டையோ நேர்வெட்டோ இருக்கும், தடவிப் பாருங்கள். ரசினேயின் முதல் வெளியீடு தைக்காத உதிரித் தாள்களாகவே வந்ததால் அங்கே குற்றவுணர்வு குறைவு. மற்றவற்றில், முழுசாக இருக்கும் தொகுதியிலிருந்து என் கண்முன்னே வெட்டித் தர முன்வந்த வியாபாரி ஒருவரிடம் வேண்டாம் என்று வந்தேன். ஏற்கெனவே உடைந்துபோனதை வாங்குகிறேன். இது வெறும் சமாதானம் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

மார்ச் 8

ஜனவரி 27 குறிப்பை யாரும் படிக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும்.

ஹோப் தாளின் மவுண்டை மாற்ற இன்று வெளியே எடுத்தேன். வாங்கி எட்டு வருஷத்தில் முதல் முறை. விளக்குக்கு எதிரே பிடித்தேன். கீழ் மூலையில் வாட்டர்மார்க் பாதி: எழுத்து ஒன்றும் புரியவில்லை, எண் மட்டும் தெளிவாக 1838. அந்தக் கால இங்கிலாந்துக் காகித ஆலைகள் ஆண்டைக் காகிதத்திலேயே பதித்தன, வாங்குகிறவனுக்கு அதைவிட நல்ல ஜாதகம் கிடையாது. 1838இல் செய்த காகிதத்தில் 1809இல் அச்சிட முடியாது. 1841இல் ஒரு மறுபதிப்பு வந்தது, அதன் தாளாக இருக்க வேண்டும்.

வண்ணமும் போச்சு. பின்பக்கம் திருப்பினால் இளநீலம் ஊறித் தெரிகிறது. பழைய காகிதத்தின் மேல்பூச்சு காலப்போக்கில் செத்துவிடும், அதற்குப் பிறகு தண்ணீர் வண்ணம் வைத்தால் உறிஞ்சிக்கொள்ளும். அதாவது யாரோ சமீபத்தில் தீட்டியிருக்கிறார்கள். ஹோப் தாள்கள் வெறும் கோடாகத்தான் வந்தன என்று தெரிந்தும், அந்த நீலம் அழகாக இருந்ததால் கேள்வி கேட்காமல் இருந்தவன் நான்.

தகட்டின் ஓரம் தாளில் அழுந்திய தடம் இருக்கிறது, மை விரலுக்குத் தட்டுப்படுகிறது, செதுக்கு அச்சு என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் 1809 என்று பென்சிலால் பின்னால் எழுதியவரை நம்பியது என் தப்பு.

மார்ச் 9

பாரிஸ் நண்பர் லூப் வாங்கிவிட்டார். சிதறிய புள்ளிகள், உதட்டுச் சிவப்பு வெளியே வழிந்திருக்கிறது, தாளைச் சாய்த்தால் ஜாடி விளிம்பும் காதணியும் தங்கமாக மின்னுகின்றன என்கிறார். ரசினே தாள்களில் தங்கமும் வெள்ளியும் தனி மையாக ஏறின. நவீன மறுபதிப்பில் தங்கம் மின்னாது, காவி மஞ்சளாகத்தான் நிற்கும். உங்களுடையது அசல், 40 யூரோவுக்கு. நான் தேயிலைத் தண்ணீர் என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். இங்கே பொறாமையும் கொஞ்சம் இருக்கிறது, கண்டுகொள்ளாதீர்கள்.

மார்ச் 22

வீட்டு நடைவழியை மாற்றி அடுக்கினேன். ஜன்னல் இல்லாத சுவர், குளியலறைக்கு எதிர்ப்புறம், ஈரம் ஏறாத பக்கம். முன்பு கிரேக்க வாழ்க்கை வரிசையில் வைத்திருந்தேன்: திருமணம், வீடு, விருந்து, போர், ஈமச்சடங்கு. பள்ளிக்கூடச் சுவர் மாதிரி இருந்தது. டிஷ்பைன் காலத்து வெள்ளைப் பெண்ணும் 1880களின் வண்ணப் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே வீட்டில் நூல் நூற்றார்கள், கண் நம்பவில்லை.

இப்போது அச்சான ஆண்டு வரிசை. முதலில் டிஷ்பைன் வகைக் கோடு, 1790கள், அரண்மனைக்காரர்களே எளிமைக்கு ஏங்கிய காலம். அடுத்து என் ஹோப், 1841 என்ற திருத்திய சீட்டோடு, நீலத்தையும் அப்படியே விட்டுவிட்டேன். பிறகு மூனிக்கில் ப்ரவுன், ஷ்னைடர் பதிப்பகம் போட்ட உடைத் தாள் ஒன்று, மர அச்சு, கையால் தீட்டியது, எல்லாக் கிரேக்கரும் பவேரியத் தாடி வைத்திருக்கிறார்கள். கடைசியில் வெளுத்துப்போன என் கைம்பெண், மவுண்டைக் கொஞ்சம் அகலமாக வெட்டி அந்த அரை விரல் ரோஜா ஓரம் தெரியும்படி. நடந்துகொண்டே பார்த்தால் நான்கு தலைமுறை ஐரோப்பா கண்ணாடி முன்னால் நின்று அழகு பார்ப்பது மாதிரி இருக்கிறது. மாட்டியவர்களைப் பற்றியே எனக்கு ஆர்வம், கிரேக்கர்கள் ஒரு சாக்கு என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஏப்ரல் 5

"சரி, அசல் என்றால் ஹாலில் மாட்டக் கூடாது. அப்படியானால் சோபாவுக்கு மேலே என்னதான் மாட்டுவது?" என்கிறார் பாரிஸ் நண்பர்.

தாளை நல்ல ஸ்கேன் எடுத்துப் பெரிதாக அச்சடித்து மாட்டுங்கள், அசலை நடைவழிக்கோ பெட்டிக்கோ அனுப்புங்கள். வெளுத்தால் இன்னொன்று அடித்துக்கொள்ளலாம். என் வீட்டு ஹாலில் வெயில் நேரே விழும் சுவரில் தொங்கும் மெய்டியாஸ் ஜாடிப் படம் பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடையில் அச்சடித்தது. வருகிறவர்கள் நடைவழியில் நான்கு அசல்களையும் தாண்டி வந்து அதன் முன்னால் நின்று, எவ்வளவு கொடுத்தீர்கள் என்கிறார்கள். பிரேம்தான் அதிகம் என்கிறேன், அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.